கஹிவாய் உறுப்பினர் சபையில் இல்லை

கஹிவாய்,
மார்ச் 4, 1989

மாண்புமிகு எதிரிக்கு,

நான்கு பாட்டில் தேன் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறேன். போன வருஷம் போல ஓட்டுநருக்கு இரண்டைக் கொடுத்துவிட்டு, நான்கும் வந்து சேர்ந்ததாக எழுத வேண்டாம். ஹமிஷ் இல்லாத முதல் கோடை உங்களுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் தேன்.

ஊருக்கு நூறு வயதாகிறது. பழைய ரயில் நிலையத்தை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். ரயில் வராத நிலையத்தில் வேறு என்ன செய்வது? பிளாட்பாரத்தில் ஒரு பலகை வைத்து, இந்தத் தொகுதியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போன உறுப்பினர்களின் வரலாற்றை எழுதப் போகிறார்கள். பொறுப்பு திருமதி ஸ்டாட்ஹோமுக்கு. முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்ற செய்தி இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. என் பங்கு வரிகளைப் படித்துக் காட்டினார்:

"டெஸ்மண்ட் கில்ஃபெடர். உறுப்பினர், 1957 முதல் 1960 வரை. தேன் டப்பாக்களின் மூடி அளவு பற்றிய திருத்தத்தைக் கொண்டுவந்தார். கஹிவாய் ரயில் பாதையை மூடும் மசோதா ஒரே வாக்கில் நிறைவேறியபோது சபையில் இல்லை."

"அவ்ளோதானாம்மா?" என்றேன்.

"மூணு வருஷத்துக்கு இதுவே ஜாஸ்தி, மிஸ்டர் கில்ஃபெடர். ஏன் வரலைன்னு சொல்லுங்க, அதையும் சேர்த்துடறேன்."

"உடம்பு சரியில்லாம போச்சு."

"அம்பத்தெட்டுல வயித்துவலின்னீங்க. அறுபது தேர்தல்ல பல்வலின்னீங்க. நான் எதைப் போடட்டும்?"

பல்லையே போடச் சொல்லிவிட்டேன். அது இப்போது இல்லை. சாட்சி சொல்ல வராது.

உங்கள் பணிவுள்ள எதிரி,
டெஸ்


ஓமாரு,
மார்ச் 13, 1989

அன்புள்ள டெஸ்,

தேன் மூன்று பாட்டில் வந்தது. ஓட்டுநருக்கு ஒன்றுதான் கொடுத்தேன். நான் திருந்தி வருகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாவது முறை முடியவில்லை.

உனக்குப் பல்வலி வரவில்லை. வாக்கெடுப்பு நாளன்று காலை நான் உனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் கணவர் ஹமிஷை மனநல மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், நான் ஊருக்குப் போக வேண்டும், ஆனால் எங்கள் கொறடாவிடம் காரணம் சொல்ல முடியாது, சொன்னால் சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்குப் போய்விடும் என்றேன். நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரயில் எத்தனை மணிக்கு?" ஆளும் கட்சியில் என்னைப் போல் ஒருவர் வர முடியாதபோது எதிர்க்கட்சியிலும் உன்னைப் போல் ஒருவர் வெளியே இருந்துவிடுவதைச் சபையில் ஜோடி போடுவது என்போம். கொறடாக்கள் எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நம்முடையதை யாரும் எழுதவில்லை. நீ வாக்குக் கொடுத்தாய். முப்பத்தோரு வருஷம் காப்பாற்றினாய்.

இப்போது ஹமிஷ் இல்லை. காப்பாற்ற ஒன்றுமில்லை. உன் திருமதி ஸ்டாட்ஹோமுக்கு நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
எல்ஸ்பெத்


கஹிவாய்,
மார்ச் 20, 1989

மாண்புமிகு எதிரிக்கு,

எழுதாதீர்கள். ஹமிஷ் போரிலிருந்து திரும்பி வந்து பட்டதெல்லாம் அவருடையது. ஒரு பலகையில் என் பெயர் பளபளக்க வேண்டும் என்பதற்காக அதைப் பிளாட்பாரத்தில் மாட்டுவதா?

தவிர, எனக்கு இது பழகிவிட்டது. நேற்று கூட மதுக்கடைக்குள் நுழையும்போது பாடி ரெய்ஸ் கத்தினான்: "டேய், டெஸ் வந்துட்டான்டா! யாராவது எழுதி வைங்கப்பா, இல்லேன்னா நாளைக்கு வரலைன்னு சொல்லிடுவாங்க." முப்பது வருஷமாக அதே நகைச்சுவை. அதை எடுத்துவிட்டால் அவனுக்கு என்னிடம் பேச விஷயம் இருக்காது.

அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்தப் பாதையில் இருபத்தாறு வருஷம் கார்டாக இருந்தவர். அன்று நான் பேசுவதைக் கேட்க, தொப்பியோடு வெலிங்டனுக்கு வந்து பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு தேநீர்க்கடையில், நீங்கள் வராததால் வராமல் இருந்தேன். வீடு திரும்பிய பிறகு, சாகும்வரை என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார். பேசினார் என்பதைக் கவனிக்கவும். கஹிவாயில் நல்ல மழை உண்டு. விஷயத்துக்குப் பஞ்சமே வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். முப்பத்தொன்பதுக்கு முப்பத்தெட்டில் தோற்றோம். நாம் இருவரும் போயிருந்தால் நாற்பதுக்கு முப்பத்தொன்பது. அப்போதும் தோல்விதான். என்னால் எதுவும் மாறவில்லை. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போதும்.

டெஸ்


ஓமாரு,
ஏப்ரல் 2, 1989

அன்புள்ள டெஸ்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். தேர்தல் அறிக்கைகளைக்கூட நாங்கள் இவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

உன் கணக்கு தப்பு.

அந்த வாரத் தொடக்கத்தில் உன் உரையை என்னிடம் கொடுத்து, "பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்றாய். தன்னை எதிர்த்து வாக்களிக்கப் போகிறவளிடமே உரையைத் திருத்தக் கொடுத்த உறுப்பினர் உலகத்தில் நீ ஒருவன்தான். பதினொரு பக்கம். பால் கேன்கள், பள்ளிப் பிள்ளைகள், பிரசவத்துக்குக் கார்டின் பெட்டியில் போன பெண். படித்து முடித்தபோது, எங்கள் மசோதாவை எதிர்த்து வாக்களிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். நான் இடம் மாறினால் எங்கள் ஆட்சி கவிழ்ந்திருக்கலாம். அது தெரிந்துதான் முடிவு செய்தேன். ஓர் உரையால் மனம் மாறிய உறுப்பினர் என்று நம் சபை வரலாற்றில் யாராவது உண்டென்றால் அது நான்தான். அந்த உரையோ பேசப்படவே இல்லை.

நாம் இருவரும் போயிருந்தால், டெஸ், முப்பத்தொன்பதுக்கு நாற்பது. பாதை பிழைத்திருக்கும்.

இன்னும் இருக்கிறது. ஹமிஷை மருத்துவமனையில் சேர்த்தது உண்மை. ஆனால் அவருடைய அக்கா அங்கே இருந்தாள். "இன்னிக்கு யாரையும் பாக்க விடமாட்டாங்க, நாளைக்கு வந்தா போதும்" என்றுதான் சொன்னாள். நான் அன்றே கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. என் கட்சிக்காரர்கள் எல்லோரும் பார்க்க உன் பக்கம் நடந்து வரும் தைரியம் எனக்கு இருந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. கணவரின் நோயை ஒரு குடை மாதிரி விரித்துக்கொண்டேன். உன்னை மழையில் விட்டேன்.

நீ எனக்கு இனி எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன். தேன் மட்டும் அனுப்பு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

எல்ஸ்பெத்


கஹிவாய்,
ஏப்ரல் 19, 1989

மாண்புமிகு எதிரிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தேனீப் பெட்டிகளைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்யும் வேலை. இரண்டு வாரம் அதைத்தான் செய்தேன். பெட்டிகள் இவ்வளவு சுத்தமாக என்றுமே இருந்ததில்லை.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் மசோதாவை ஆதரித்து வாக்களிக்கத்தான் இருந்தேன். எங்கள் கட்சியை எதிர்த்து, உங்கள் பக்கம். அந்த ரயிலில் நாளொன்றுக்குப் பதினேழு பேர் போனார்கள். அவர்களில் ஒன்பது பேர் ரயில்வே ஊழியர்கள். நியாயமாகப் பார்த்தால் அதை மூடத்தான் வேண்டும். பதினொரு பக்கமும் அப்பாவுக்காக எழுதியவை. அவை உங்களை மாற்றியிருக்கலாம், என்னை மாற்றவில்லை. நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது எனக்கும் நிம்மதிதான்.

ஆகவே நீங்கள் இந்தப் பக்கம் வந்திருந்தால் நான் அந்தப் பக்கம் போயிருப்பேன். மறுபடியும் நாற்பதுக்கு முப்பத்தொன்பது. பாதை எப்படியும் செத்திருக்கும். உங்கள் மேல் பழியில்லை. நடுவழியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தொப்பியைத் தூக்கியிருப்போம், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்ளலாம். திருமதி ஸ்டாட்ஹோம் பல்வலியைச் சேர்த்துவிட்டார். திறப்பு விழா மே 20. வர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

தேன் ஆறு பாட்டில் அனுப்புகிறேன். ஓட்டுநர் பங்கு உட்பட.

டெஸ்


ஓமாரு,
ஏப்ரல் 28, 1989

அன்புள்ள டெஸ்,

தேன் வந்தது. பொய்யும் வந்தது.

மூன்று வருஷம் நாடாளுமன்றத்தில் இருந்த ஒரு மனிதனுக்கு இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. உன் தொகுதி உன்னைத் தோற்கடித்ததில் ஆச்சரியமில்லை. அந்த வேலைக்கு வேண்டிய அடிப்படைத் தகுதியே உன்னிடம் இல்லை.

ஏன் நம்பவில்லை என்று கேட்பாய். உன் உரையை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மேசையின் அடி இழுப்பறையில், ஹமிஷின் பதக்கங்களோடு இருந்தது. நேற்று எடுத்துப் பார்த்தேன். பதினேழு பயணிகள் கணக்கு ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு நீ சொன்ன பதிலும் அங்கேயே இருக்கிறது: "பதினேழு பேர் குறைவுதான், அந்தப் பதினேழு பேரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள்." கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் உனக்கு நீயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாய்: "இங்கே நிறுத்தி, மாடத்தில் அப்பாவைப் பார்க்கவும்."

நம்பாத ஒன்றைப் பேசப் போகிறவன் எந்த இடத்தில் நிறுத்தி அப்பாவைப் பார்ப்பது என்று குறித்து வைக்க மாட்டான், டெஸ்.

இன்று காலை பதினொரு பக்கங்களையும் திருமதி ஸ்டாட்ஹோமுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கூடவே என் கடிதம், என்னைப் பற்றிய உண்மை முழுவதும். ஹமிஷ் விஷயம் "குடும்பத்தில் நோய்" என்பதோடு நின்றுவிடும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். முதலில் அவரிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். "பலகையில ஒரு வரிக்குத்தாம்மா எடம் இருக்கு," என்றார். ஒரு வரி போதும் என்றேன். அவரே யோசித்து இப்படிச் சொன்னார்: "சபையில் இல்லை, எதிர்க்கட்சி உறுப்பினருக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்." பிறகு, "பல்வலியை எடுத்துடறேன்," என்றார்.

நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். பாடி ரெய்ஸுக்குப் புது நகைச்சுவை தேட வேண்டியிருக்கும். அந்தப் பாவமும் என்னுடையதாகட்டும்.

மே 20 அன்று விழாவுக்கு வருகிறேன். பிளாட்பாரத்தில் நின்று அந்த உரையைப் பேசு. பதினொரு பக்கமும். கடைசிப் பக்கத்தில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்து. நான் முன்வரிசையில் இருப்பேன். வேறு எங்காவது பார்க்க வேண்டுமென்றால் பார்த்துக்கொள்.

முந்தின நாள் காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பி, இரண்டு இடத்தில் மாறி, மாலை ஐந்துக்கு வந்து சேர்வேன். ரயில் இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்கே வந்திருப்பேன். யாரிடம் புகார் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். முகவரி என்னுடையதாகத்தான் இருக்கிறது.

உன் ஜோடி,
எல்ஸ்பெத்