ஒரே மூக்குள்ள இயக்குநர்கள்

அப்பாவுக்கு பாருலின் சலாம். இருமல் குறைந்ததா?

உங்கள் சணல் ஆலையின் ஆண்டறிக்கை டாக்காவில் நான் வேலை செய்யும் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறது. படத்தில் இயக்குநர்கள் ஐவருக்கும் ஒரே மூக்கு! நிர்வாகக் குழு எப்படியிருந்தால் கம்பெனிக்கு லாபம் வரும் என்று இங்கே ஆராய்கிறார்கள். தேநீர் கொடுக்கும்போது ஆய்வு மாணவி ரெஹ்னுமா அக்காவிடம் அந்த மூக்குகளைக் காட்டினேன்.

"எல்லாம் அண்ணன், தம்பி, மச்சான்தான்டி! கேள்வி கேக்க யாரு இருக்கா?" என்று சிரித்தார்.

பேராசிரியர் நிமிரவில்லை. "அந்த ஆலையை மூடப்போறதா பங்குச் சந்தைக்கு எழுதிட்டாங்க. நம்ம ஆய்வுல இருந்து அதை எடுத்துடும்மா."

அக்கா அறிக்கையைக் குப்பைக் கூடையில் போட்டார்.

உங்களிடம் சொன்னார்களா, அப்பா? முடிந்தால் என் பச்சைச் சால்வையைக் கொடுத்தனுப்புங்கள். அழைக்கிறார்கள், முடிக்கிறேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தறியருகே நீங்கள் சிரித்தபடி நிற்கிறீர்கள். கூடையிலிருந்து எடுத்து, தேநீர்க் கறையைத் துடைத்தேன்.

பாருல்