பீரோவுக்குப் பின்னால் ஒரு புள்ளி

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நான் நலம். அங்கே குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இவள் ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று பயப்பட வேண்டாம். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் ஆராய்ச்சிப் பெட்டிகளில் எதற்கு சார்ஜ் குறைந்திருக்கிறது என்று கேட்டுவிடுகிறீர்கள். காகிதம் குறுக்கே பேசாது.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மருந்துக் கடையில் என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள், கால்வலி பரவாயில்லை. உங்கள் தங்கை வந்து இருந்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வீடு முன்னைவிட மோசமாகிவிட்டது. சமைத்தால் மிஞ்சுகிறது, சமைக்காவிட்டால் பசிக்கிறது.

பெட்டிகள் உங்கள் விருப்பப்படி சுவருக்கு ஒன்றாக அப்படியே இருக்கின்றன. நீங்கள் என் கழுத்தில் மாட்டிவிட்ட சின்ன வில்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றும் தனியாக அளக்கும், பிறகு தங்களுக்குள் கூடிப் பேசி நான் இருக்கும் இடத்தை முடிவு செய்து உங்கள் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும் என்று கிளம்பும் முன் படம் போட்டு விளக்கினீர்கள். இதில் தலைவன் என்று எதுவும் கிடையாது, ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை அதன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்துவிடும் என்று பெருமைப்பட்டீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நீங்கள் செய்துகொண்டிருந்த வேலைகளை எல்லாம் எப்படியோ செய்துவிடுகிறேன். ஆனால் நீங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பேச இங்கே ஆள் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வந்த உங்கள் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாலையில் மட்டும் பெட்டிகளுக்குள் ஒற்றுமை குலைந்து புள்ளி எங்கோ ஓடிவிடுகிறது, இதுவரை யாரும் கவனிக்காத கோளாறு, இதை ஆராய இன்னும் ஒரு வருடம் அங்கே இருக்கச் சொல்லிவிட்டார் உங்கள் பேராசிரியர் என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்.

அது கோளாறு இல்லைங்க. நான்தான்.

உங்கள் தங்கை வீடு மாறியபோது அவளுடைய இரும்பு பீரோவைக் கொண்டுவந்து நம் படுக்கையறையில் போட்டாள். உங்கள் வரைபடத்தில் அது இல்லை; அந்த இரும்பு மறைத்தால் பெட்டிகளின் அளவு தப்பிவிடுகிறது. மழை ஆரம்பித்த சமயம், உருண்டுபோன தோட்டுத் திருகாணியைத் தேடி அந்த பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்தேன். உடனே போன் அடித்தது. என்னம்மா, பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள்ள நிக்கிறே, அவங்க என்ன நினைப்பாங்க என்று கேட்டுச் சிரித்தீர்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்குப் படுக்கையறை என்றேன், அது பொய் இல்லை. அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய், கல்யாணமான புதிதில் ஒரு குடைக்காக நாம் போட்ட சண்டை வரை வந்தது. நீங்கள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகியிருந்தது.

மறுநாள் கடையிலிருந்து வந்ததும் முக்காலியைக் கொண்டுபோய் அந்தச் சந்தில் போட்டு உட்கார்ந்தேன். கூப்பிட்டீர்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. உங்கள் பெட்டிகளுக்கு மாலையில் ஒன்றும் ஆவதில்லை. மாலையில்தான் எனக்கு இந்த வீடு தாங்குவதில்லை. உங்கள் தங்கை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் அண்ணி, யாருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கீங்க என்று கேட்டாள். ஒட்டடை அடிக்கிறேன் என்றேன். கையில் துடைப்பம்கூட இல்லை.

பேராசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பழியை என் மேல் போட்டாலும் சரி, பீரோ மேல் போட்டாலும் சரி. அவர் முன்னால் உங்களுக்குத் தலைகுனிவாக இருக்கும், தெரியும். கோபம் தீரும் மட்டும் என்னைத் திட்டுங்கள். ஆனால் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டு ஒரு வருடம் அங்கே உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த வருடம் எனக்கு வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். இனிமேல் நான் அந்தச் சந்துக்குப் போக மாட்டேன். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சரியாக இருக்கும், பெட்டிகள் ஒற்றுமையாக இருக்கும், நீங்கள் கேட்க ஒரு கேள்வியும் இருக்காது. அப்போதும் கூப்பிடுங்கள்.

உங்கள்
வாயாடி