முப்பது மீற்றர் வெளிச்சம்

திங்கள், ராவு இஷாத் தொழுகைக்குப் பிறகு.

பௌதிகவியல் ஹோம்வேர்க்கில பிரேக் பிடிச்சா வேகம் குறையிற சீரான அமர்முடுகல் கணக்கு விளங்கல்ல. கூடப் பிறந்த காக்காக்கிட்ட கேட்டன். "புத்தகத்துக் காரை விடு தங்கச்சி, என்ட பைக்கப் போடு" எண்டார். கேள்வியில இருந்த அமர்முடுகலுக்கு அவர் ஓடுற வேகத்தப் போட்டம். பிரேக் பிடிச்சி நிக்க நாப்பது மீற்றர் வேணும் எண்டு வந்திச்சு. அவர்ட பைக் லைட் முப்பது மீற்றருக்குத்தான் அடிக்கும். "நீ பிழையாச் செஞ்சிருக்காய்" எண்டு சிரிச்சிட்டு, பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுத கையோட சம்மாந்துறை மில்லுக்கு வெளிக்கிட்டார்.

இப்ப அறுவடை. மில்லுக்குப் போற மாவடிப்பள்ளி றோட்டில நெல் ஏத்தின டிரக்டரெல்லாம் பின்லைட் இல்லாமத்தான் நிக்கும்.

காக்கா இன்னும் வரல்ல. போனும் எடுக்கிறார் இல்ல. கணக்கத் திருப்பித் திருப்பிச் செய்றன், நாப்பதுதான் வருது. யா அல்லாஹ், இந்த ஒரு கணக்கு மட்டும் எனக்குப் பிழைச்சிப் போகட்டும்.