மாஸ்க் படாத கன்னம்

மார்ச் 9, ஞாயிறு இரவு. பாராடாங், அந்தமான்.

இன்று நான் ஜெயித்தேன். வெளியே சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கன்னத்து மங்கு போய்விடும் என்று சொல்லி, சிவப்பு வெளிச்சம் அடிக்கும் மாஸ்க் ஒன்றை அண்ணி போர்ட் பிளேரிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார். அவர் அதை விற்கிறார். ஒரு மாதம் போட்டுப் பார், பிடித்தால் வாங்கிக்கொள் என்றார். நான் அறிவியல் டீச்சர். தினமும் வலது கன்னத்தைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, இடது கன்னத்தில் மட்டும் வெளிச்சம் பட விட்டேன். உள்ளுக்குள் அது பலிக்க வேண்டும் என்றுதான் ஆசை. பிள்ளை பெறுவதற்கு முன்பிருந்த முகம் எனக்குத் திரும்ப வேண்டும்.

இன்று அண்ணியே வந்தார். ஜன்னலருகே நிறுத்தி என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அரே, பாரு சுமதி. இந்தப் பக்கம் பக்காவா தெளிஞ்சிருக்கு. நான் சொன்னேன்ல?"

அவர் விரல் இருந்தது வலது கன்னத்தில்.

"அண்ணி, அந்தப் பக்கம் வெளிச்சமே படல. துணி போட்டு மூடி வச்சிருந்தேன்."

கையை எடுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "ஆறு மாசமா நானும் போடுறேன். ஒண்ணும் ஆகல. உன் அண்ணன்கிட்ட சொல்லிடாத."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மாஸ்க்கை அவரே பையில் போட்டுக்கொண்டு, காட்டுச்சாலையில் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் மதியக் கான்வாயில் போர்ட் பிளேருக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது கண்ணாடி பார்த்தேன். மங்கு அப்படியேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.