நீலப் புள்ளி தெரியும் வரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பட்டறைச் சுவருக்குத்தான் உடம்பு சரியில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியோடு சமாதானமாகப் போய்விடு என்று நீ போனில் சொன்னாய். போனில் விளக்கி முடிகிற கதை இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

நம் பெயிண்டர் நெட்டையன் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தது உனக்குத் தெரியும். நான்கு பெயிண்டர்களுக்கு விபத்து இன்சூரன்ஸ் பிரீமியம் ஒழுங்காகக் கட்டினேன். இன்சூரன்ஸ் படிவத்தில் எத்தனை பேர் என்று எழுதினேனே தவிர, யார் யார் என்று எழுதவில்லை. உன் அப்பாவின் படிப்பு அவ்வளவுதான். விழுந்தவன் அந்த நாலு பேரில் ஒருவன்தான் என்பதற்கு வருகைக் கணக்கு எங்கே என்று கம்பெனி கோர்ட்டில் கேட்கிறது. இல்லையென்றால் ஐந்தாவதாக ஓர் ஆளை மறைத்ததாக என் மேல் பிரீமியம் பாக்கியும் அபராதமும். அவர்கள் சொல்லும் சமாதானம் இதுதான்: அவன் என் ஆளே இல்லை என்று கையெழுத்துப் போட்டால் என்னை விட்டுவிடுவார்களாம். அவனுக்கு நஷ்டஈடு கிடையாது.

நம் வருகைக் கணக்கு உனக்குத் தெரியாததா? பட்டறைச் சுவரில் எனாமலில் நாலு பேரின் பெயரும். காலையில் பெயிண்ட் கலக்கும்போதே, அன்றைய வீட்டின் நிறத்தில் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் நீ வெளியூருக்குக் கிளம்பினாய். வழியனுப்ப உறவுக்காரர்கள் வருவார்களே, சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று அந்தப் புள்ளிகளின் மேல் பட்டி மாவு பூசி இரண்டு கோட் பெயிண்ட் அடித்தது சாட்சாத் நான்தான். உலகத்தில் எவனாவது தன் சாட்சியைத் தானே பூசி மெழுகுவானா?

இப்போது எல்லோரும் தண்ணீர் தெளித்துச் சுரண்டுகிறோம். இந்த ஒரு சுவரையாவது ஏனோதானோவென்று அடித்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. நெட்டையன் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறான். "முதலாளி, மெதுவா! சாரத்துலேர்ந்து விழுந்தே பொழச்சுட்டேன், நீங்க சுரண்டியே என்னை இல்லாம ஆக்கிடுவீங்க போல" என்கிறான்.

அவன் பெயர் வந்துவிட்டது. பச்சை, மஞ்சள் புள்ளிகளும் வந்துவிட்டன. அவன் விழுந்த வீட்டின் நீலம்தான் இன்னும் வரவில்லை. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "சுவரையே கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வரப் போறீங்களா?" என்று சிரித்தார். "தேவைப்பட்டா பேத்து எடுத்துட்டு வரேன் சார்" என்றேன். கோர்ட்டே ஆள் அனுப்பிச் சுவரை நேரில் பார்க்க வேண்டும் என்று நம் வக்கீல் மனுப் போட்டிருக்கிறார்.

ஆகவே, கண்ணு, சமாதானம் என்று இனிச் சொல்லாதே. மற்றவர்கள் சொன்னால் கேட்காமல் இருந்துவிடுவேன், நீ சொன்னால் கை தளர்ந்துவிடும்.

நீ விடுமுறைக்கு வரும்போது சுவர் சொறி பிடித்த மாதிரி இருக்கும். முகம் சுளிக்காமல் அதன் எதிரே உட்கார்ந்து நெட்டையனோடு நாலு வார்த்தை பேசு. எனக்கு அது போதும். நீ நன்றாயிரு.

தலையெல்லாம் பட்டித் தூளுடன்,
உன் அப்பா