ஒரே காரில் இருவர்

1989 மார்ச், சனி இரவு.

இன்று மாலை மல்யுத்த மண்டபத்தின் பின்வாசலில் என் மினிகாப் வாடகைக் காருக்குச் சவாரி கிடைத்தது. முதலில், மேடையில் நல்லவனாக வருகிறவன் ஏறினான். அவனுக்குப் பின்னால், சற்றுமுன் அவனிடம் அடிவாங்கிய கெட்டவனும் ஏறிப் பின்சீட்டுக்கு முன்னால் தரையில் படுத்துக்கொண்டான்.

"எங்களைச் சேர்த்துப் பார்த்தால் பிழைப்பு போய்விடும். யாரிடமும் சொல்லாதே," என்றான் நல்லவன்.

பிளேஸ்டோ பகுதியைத் தாண்டியதும் கெட்டவன் எழுந்தான். மற்றவன் அவனுடைய முழங்காலுக்குத் தைலம் தடவிவிட்டான். கண்ணாடியில் பார்த்தபடியே ஓட்டினேன்.

ஊரில் அம்மா இறந்த செய்தி வந்த நாளிலிருந்து, ஒரே அறையில் இருந்தும் அண்ணையும் நானும் பேசுவதில்லை. முன்பு சனிக்கிழமைகளில் டிவியில் மல்யுத்தம் காட்டுவார்கள். அந்தக் கெட்டவனை அண்ணை எழும்பி நின்று திட்டுவார். இப்போது காட்டுவதில்லை.

இன்று அறைக்கு வந்தபோது, மண்டபத்தில் எடுத்த மல்யுத்த நோட்டீஸை என் கையில் கண்டதும் அண்ணை தானாகவே கேட்டார்.

"இண்டைக்கு ஆர் வெண்டது?"

"நல்லவன்தான் அண்ணை."

"மற்றவனுக்கு நல்ல அடியோ?"

"ஓம். நொண்டி நொண்டித்தான் போனவன்."

"அது காணும்," என்று திருப்தியோடு சொல்லிவிட்டுப் படுத்தார்.

இப்போது குறட்டை கேட்கிறது. தூங்கட்டும்.