மார்ச் பீரில் வெண்ணெய் வாடை

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பேரங்காடியில் காப்பித்தூளுக்கும் நாய்த்தீனிக்கும் நடுவே விழா உடுப்பான தோல் கால்சட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். தோல் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு மழை பெய்தால் அதன் சாயம் கணுக்காலில் நிற்கும். பீர் விழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் எங்கள் ஊர் பவேரிய ஊராக வேஷம் கட்டத் தொடங்கிவிட்டது. அது ஏற்கெனவே பவேரிய ஊர்தான் என்பதை யாராவது அதற்கு எடுத்துச் சொன்னால் தேவலை.

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது மேயர் திருமதி நாய்டெக்கர் என்னைப் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் மூன்றாம் தேதி பீர் சோதனை. நகர்மன்றம் முழுவதும் வரிசையாக உட்கார்ந்து, என் நண்பன் க்விரின் காய்ச்சிய விழா பீரைக் குடிக்கும். பிறகு ஒருவர் எழுந்து தீர்ப்புரை வழங்குவார். வழக்கமாகப் பேசும் மருந்துக்கடைக்காரர் இந்த ஆண்டு மகளோடு இத்தாலிக்குப் போகிறாராம்.

"நீங்க நோட்டரி. நீங்க சொன்னா பத்திரத்துல ஏறின மாதிரி," என்றார்.

சென்ற ஆண்டுத் தீர்ப்பு, "குவளையில் ஊற்றிய தாயகம்." அதற்கு முந்தைய ஆண்டு, "திரவமான ஆன்மா." இவை தீர்ப்புகளாம்! ஒப்புக்கொண்டேன். குவளையில் இருப்பதை மட்டுமே சொல்வேன் என்று நிபந்தனை விதித்தேன். அவர் சிரித்தார். எதற்கென்று விளங்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

க்விரின் க்ராஸ்விங்க்லர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். எங்கள் ஊரில் இன்னும் பீர் காய்ச்சும் ஒரே ஆள். மார்ச்சில் காய்ச்சி, கோடை முழுவதும் குளிரில் கிடத்திய பீரை ஆகஸ்டில் முதன்முதலாகத் தொட்டியிலிருந்து பிடிக்கும்போது அவனும் நானும் மட்டுமே நிலவறையில் இருப்போம்.

முன்பெல்லாம் கோடையில் இந்நாட்டில் பீர் காய்ச்ச அடுப்பு மூட்டவே சட்டம் இடம் தராது. ஏப்ரலில் புனித ஜார்ஜ் நாளோடு கொப்பரையைக் கவிழ்த்தால், செப்டம்பர் கடைசியில் மிக்கேல் திருநாளில்தான் நிமிர்த்தலாம். ஆகவே மார்ச்சில் கொஞ்சம் கனமாகவே காய்ச்சி, பனிக்கட்டி அடுக்கிய நிலவறையில் வைத்து, மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரங்களை நட்டார்கள். இலையுதிர்காலத்தில் புதிதாகக் காய்ச்சும் பீருக்குப் பீப்பாய் வேண்டும். மிச்சத்தைக் குடித்துத் தீர்த்தார்கள். விழா பீர் என்பது அதுதான். நகரத்துப் பெரிய கம்பெனியோ வைக்கோல் கழுவிய நீர் போன்ற ஒன்றை அதே பெயரில் விற்கிறது. நான்கு குவளை குடித்தாலும் ஒன்றும் நினைவில் நிற்காது. அதைத்தான் அவர்கள் சிறப்பு என்கிறார்கள்.

இன்று க்விரின் பிடித்துக் கொடுத்தான். செம்பு நிறம், சரி. நுரை, சரி. மூக்கருகே கொண்டுபோனேன்.

"வெண்ணெய்," என்றேன்.

"என்ன வெண்ணெய்?"

"உருக்கின வெண்ணெய். மோந்து பாரு."

மோந்தான். நெடுநேரம் மோந்தான்.

"ஒண்ணும் இல்லையே. ஆபீஸ் தூசியில உன் மூக்கு கெட்டுப்போச்சு, நோட்டரியாரே."

"க்விரின், ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும்…"

"அப்ப ஒரு குழந்தையைக் கூட்டிட்டு வா! முத்திரை குத்திப் பிழைக்கிறவன் எனக்கு பீர் சொல்லித் தர்றியா? ஏறு மேல!"

நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அந்த நிலவறையிலிருந்து நான் விரட்டப்பட்டது இதுவே முதல் முறை.

ஆகஸ்ட் 10, சனி

வெண்ணெய்தான். சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன். மரியாவின் விண்ணேற்பு

தேவாலயத்தில் மூலிகைக் கட்டுகளை மந்திரித்தார்கள். க்விரினும் அவன் மனைவி புர்கியும் எனக்கு முன் வரிசையில். புர்கி தன் கட்டை அவன் முகத்தருகே நீட்டி, "புதினா தூக்கலா இருக்குல்ல?" என்றாள். அவன் முதலில் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகுதான் "ஆமா" என்றான். புதினாவைப் பற்றிச் சொல்ல மனைவியின் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்?

மதியம் மதுக்கூடத்தில் எங்கள் வழக்கமான மேசைக்கு அந்த பீரையே ஒரு கூஜா நிறையக் கொண்டுவந்தான். எனக்குத் தவிர எல்லாருக்கும் ஊற்றினான்.

"இந்த வருஷம் மெத்துன்னு இறங்குதுடா," என்றார் பல் மருத்துவர் ப்ரெக்டல்.

"பாலாடை மாதிரி!" என்றார் பள்ளித் தலைமையாசிரியர்.

மெத்தென்று! பாலாடை! குற்றத்தைப் பெயர் சொல்லி அழைத்து, அதற்கே மாலையும் போடுகிறார்கள். ஊர்ப் பிள்ளைகளின் அறிவு ஒருவர் பொறுப்பில், பல் மற்றவர் பொறுப்பில்!

"கேட்டுக்கிட்டியா?" என்றான் க்விரின் என்னிடம். வென்றவன் குரலாக அது இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கிணற்றுக்குப் போகும் வழி உரிமைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதற்காக க்விரின் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியிலேயே பால் அடிப்பிடித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. சமையலறையில் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி அவன் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. அடுப்பை அணைத்தேன். அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

"எப்ப இருந்து?" என்றேன்.

செய்தித்தாளை ஒழுங்காக மடித்து வைத்தான். "பிப்ரவரி. காய்ச்சல் வந்துச்சுல்ல? காய்ச்சல் போச்சு, மூக்கும் போச்சு."

"அப்ப மார்ச்ல…"

"குருடன் காய்ச்சின பீர்தான் அது."

புளிக்கும் பீர் எல்லாமே ஒரு கட்டத்தில் வெண்ணெய் வாடை அடிக்கும். வெதுவெதுப்பில் விட்டுவைத்தால் ஈஸ்ட் அதைத் தானே தின்று தீர்க்கும். தீர்ந்துவிட்டதென்று மூக்கு சொன்ன பிறகுதான் குளிரில் போட வேண்டும். இவன் மூக்கு சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துக் குளிரில் போட்டுவிட்டான்.

"யாருக்குத் தெரியும்?"

"புர்கிக்கு. இப்ப உனக்கு. வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும். மூக்கில்லாத பீர்க்காரன்! அக்டோபர்ல நகர்மன்றம் ஓட்டுப் போடுது. அடுத்த வருஷ விழாக் கூடாரத்தை அந்த நகரத்துக் கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துட்டா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"இப்பவும் சரிபண்ணலாமா?"

"பண்ணலாம். பொங்கிக்கிட்டிருக்கிற புது பீரைக் கொஞ்சம் ஊத்தி, தொட்டியைச் சூடாக்கி விட்டா ஈஸ்ட் மிச்சத்தைத் தின்னுடும். தின்னு முடிச்சுதுன்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

சிரித்தான். நல்ல சிரிப்பு அல்ல. "எங்க தாத்தா எழுந்து வந்து என்னை அறைவார்டா. ஒரு நோட்டரி மோந்து சொல்லி க்ராஸ்விங்க்லர் பீர் காய்ச்சணுமா? ஊர்ல நல்லா இருக்குங்கறான். நல்லாத்தான் இருக்கு. போ."

பவேரியாவில் ஒருவன் கடவுளை இழந்துவிட்டதாகச் சொல்லலாம், மனைவியை இழந்துவிட்டதாகச் சொல்லலாம். மூக்கை இழந்துவிட்டதாகச் சொல்ல மட்டும் வாய் வராது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

புர்கி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கட்சிக்காரர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பென்னோ, மூணாம் தேதி நீ என்ன சொல்லப் போறே?"

"குவளையில இருக்கிறதை."

"குவளையில கலரும் இருக்குல்ல? கலர் நல்லா இருக்குன்னு நீயே சொன்னியாம். கலரைப் பத்தியே பேசிட்டு உக்காந்துடேன். பொய் சொல்லச் சொல்லலியே நான்."

சட்டம் படித்திருக்க வேண்டியவள் இவள்தான்.

"அவன் பத்து நாளா சரியா சாப்பிடலை," என்றாள் கதவருகே. "எல்லாமே காகித அட்டை மாதிரி இருக்காம்."

ஆகஸ்ட் 30, வெள்ளி

நிறத்தைப் பற்றியே ஒரு பக்கம் எழுதினேன். சரளமாக வந்தது. மருந்துக்கடைக்காரரே எழுதியது போல இருந்தது. கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நகர்மன்றக் கூடம், வெள்ளை விரிப்பு, வாத்தியக் குழு. எல்லார் முன்னும் குவளை. நான் எழுந்தேன், மோந்தேன், குடித்தேன். அதே வெண்ணெய். க்விரின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொன்னேன்: "நிறம் சரி. நுரை சரி. ஆனால் இது இன்னும் பீர் ஆகவில்லை. இதில் வெண்ணெய் இருக்கிறது. ரொட்டியில் தடவலாம், விழாவில் ஊற்றக் கூடாது. காய்ச்சியவர் நம் நாட்டிலேயே சிறந்தவர். ஆகவே தண்டனை இல்லை, அவகாசம் உண்டு. பத்து நாள்."

கூடமே வெடித்துச் சிரித்தது.

மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நோட்டரி ஐயா, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா!" ப்ரெக்டல் மேசையைக் குத்தி, "ரொட்டி கொண்டாங்கப்பா, ரொட்டி!" என்று கத்தினார். ரொட்டி வந்தது. பீரில் தோய்த்துத் தின்றார்கள். வாத்தியக் குழு ஒரு முழக்கம் வேறு கொடுத்தது. தலைமையாசிரியர் என் தோளைத் தட்டி, இவ்வளவு நகைச்சுவையான தீர்ப்பு இந்த ஊரில் வழங்கப்பட்டதே இல்லை என்றார்.

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என்ன ஜனங்கடா இதுங்க! உண்மையைச் சொல்லணுமா வேண்டாமான்னு நான் மூணு வாரம் உருகிக்கிட்டிருந்தேன் — இவங்களுக்கு எது சொன்னாலும் ஒண்ணுதான்!

அத்தனை பேரில் இரண்டு பேர் சிரிக்கவில்லை. புர்கி மேசை விரிப்பைப் பார்த்தாள். க்விரின் என்னைப் பார்த்தான். சொல்லியிருக்கக் கூடாதோ?

செப்டம்பர் 4, புதன்

விடியற்காலையில் தொலைபேசி.

"பத்து நாள்னியே. கணக்குப் போட்டுச் சொன்னியா, வாய்க்கு வந்துச்சா?"

"கணக்குப் போட்டு. ஈஸ்ட் பத்தி நீ சொன்னதை வச்சுத்தான்."

"அவ்வளவு பேர் குடிச்சானுங்களே, பென்னோ. ஒருத்தனுக்குக் கூடவா தெரியல? எங்க தாத்தா காலத்துல பீப்பாயையே வாசல்ல உருட்டி விட்டிருப்பானுங்க." பிறகு, "வா. காப்பி குடிக்காம வா. அந்த எழவு சென்ட்டையும் போட்டுக்காதே."

செப்டம்பர் 8, ஞாயிறு

புது பீர் ஊற்றிச் சூடாக்கிய தொட்டியை மோந்து பார்க்கத் தினமும் இருவேளை போகிறேன். இன்று, "இன்னும் இருக்கு," என்றேன். குழாயை மூடினான், தர்க்கம் செய்யவில்லை.

"நாய் வச்சிருந்தா செலவு கம்மி," என்றான்.

"நாய் உன் கூடப் பேசாது."

"அதான் சொல்றேன்."

செப்டம்பர் 11, புதன்

வெண்ணெய் போய்விட்டது. மூன்று முறை மோந்தேன். "குளிர வை," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியம் வாங்குறதுதான் என் தொழில், செய்யறது இல்ல. குளிர வை."

செப்டம்பர் 13, வெள்ளி

விழா தொடங்கியது. மேயர் வழக்கப்படி முதல் பீப்பாயில் சுத்தியலால் குழாயை அடித்து இறக்கியபோது அதில் கால்வாசி அவர் மீதே பாய்ந்தது, அதற்குக் கைதட்டல். பேரங்காடிக் கால்சட்டைகள் பெஞ்சு மேல் ஏறி ஆடின.

பீரைக் குடித்தேன். உலர்ந்த, சுத்தமான, நிதானமான மார்ச் பீர். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கே கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

ப்ரெக்டல் இரண்டாவது மிடறிலேயே குவளையை வைத்தார். "சோதனை அன்னைக்கு இன்னும் மெத்துன்னு இருந்துச்சுப்பா. கூட்டத்துக்குன்னு ஏதோ பண்ணிட்டான்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் க்விரின் என் காலை மிதித்தான். "குடிடா," என்றான்.

அக்டோபர் 17, வியாழன்

நகர்மன்றம் வாக்களித்தது. கூடாரம் க்விரினிடமே. காரணம்: நகரத்துக் கம்பெனியின் கூடாரம் எங்கள் மைதானத்தில் அடங்கவில்லை. சுவை என்ற சொல்லை அக்கூட்டத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

மூக்கு இனித் திரும்பாது என்று நகரத்து மருத்துவர் சொல்லிவிட்டார். க்விரின் அதை இன்று குழாயைத் திறந்துகொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னான். மார்ச் முழுவதும் முற்பகலில் எனக்குப் பத்திர வேலை வைக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் உத்தரவு போட்டிருக்கிறேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

புதிதாகக் காய்ச்சிய பீரில் இன்று வெண்ணெய் இல்லை. "குளிர வை," என்றேன்.

அவன் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பிடித்தான். தன்னுடையதை எடுக்கவில்லை.

"சொல்லு," என்றான்.

"சொன்னேனே. வெண்ணெய் இல்லை."

"இல்லாததை யார் கேட்டா? என்ன இருக்குன்னு சொல்லு."

ரொட்டியின் மேலோடு என்றேன். அடுப்பிலிருந்து எடுத்துச் சற்று ஆறியது. அணைந்த தீக்குச்சி வாடை கொஞ்சம், கோடைக்குள் அது போய்விடும். அடியில் காய்ந்த புல்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இருக்கும். இன்னொரு தடவை பாரு."

மோந்தேன். இருந்தது. தோல் சீவாத ஆப்பிள், மிகவும் தொலைவில். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டான். நான் சொல்லி முடித்த பிறகுதான் குடித்தான்.